கை குலுக்கி அனுப்பிய பிள்ளை

1

தினமும் காலையில் என் மகளை நான் ஒளிந்து ஒளிந்து பின்தொடர்கிறேன். இதை என் கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்லலாம். நீங்கள் ஊரில் இருப்பவர்கள். பள்ளிக்கூட வாசல் வரை போய், பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலின் மூடியை இன்னொரு தரம் திருகிப் பார்த்துவிட்டுத்தான் திரும்புவீர்கள்.

நாங்கள் இருப்பது ஜெர்மனியின் தெற்கில் ஒரு சிறிய ஊர். ஆதிரா, எங்கள் ஆதி, போன செப்டம்பரில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். சேர்ந்த சில வாரங்களிலேயே பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. பிள்ளைகள் தனியாக நடந்துவரப் பழக வேண்டும், பெற்றோர் தயவுசெய்து வாசல் வரை வர வேண்டாம் என்று. பள்ளிக்கு முந்தைய தெருமுனையில் ஒரு பலகையும் நட்டிருக்கிறார்கள். ஒரு குழந்தை கையசைக்கிற படம், அதன் கீழே ‘இங்கிருந்து நான் தனியாகப் போவேன்’ என்று எழுத்து. இருட்டில் கார் ஓட்டுகிறவர்கள் கண்ணில் படுவதற்காக ஒவ்வொரு பிள்ளைக்கும் பளபளக்கும் மஞ்சள் முக்கோணத் துணி ஒன்று கொடுத்தார்கள். பிப்ரவரிக் காலைகளில் இங்கே முழுதாக விடிந்திருக்காது. பிள்ளை தெரிய மாட்டாள், அந்த முக்கோணம் மட்டும் ஆடி ஆடிப் போகும்.

பெற்றோர் கூட்டத்தில் நான் கை தூக்கிக் கேட்டேன். “வழியில் யாராவது கூப்பிட்டால்?”

“போகக்கூடாது என்று சொல்லிக்கொடுங்கள்” என்றார் வகுப்பாசிரியை.

“சொல்லிக்கொடுத்தும் போய்விட்டால்?”

அவர் சிரித்தார். மற்ற அம்மாக்கள் கனிவாகப் பார்த்தார்கள். பயப்படும்போது எனக்கு ஜெர்மன் உடைந்துவிடும். அடுத்துக் கேட்க வந்ததை “ஐயோ” என்று தமிழிலேயே முடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

அதனால் இப்படிச் செய்கிறேன். வீட்டு வாசலில் அவளுக்கு டாட்டா காட்டிவிட்டு, கதவைச் சாத்துகிற மாதிரிச் சாத்தி, அவள் திருப்பம் திரும்பியதும் இறங்கிவிடுவேன். பேக்கரி மூலை வரைக்கும் ஓட்டம். பிறகு மருந்துக்கடைப் பலகைக்குப் பின்னால் நிற்பேன். பேக்கரிப் பெண் ஒருநாள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கை ஆட்டினாள். நானும் ரொட்டி வாங்க வந்தவள் போல ஒரு ரொட்டி வாங்கினேன்.

பயந்த சுபாவம் என்று சொல்லிவிடலாம். அம்மா வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் இந்தப் பயத்துக்கு ஓர் ஊர் உண்டு. போன வருடம் இதே மாதம், அவிநாசிபாளையம் பக்கத்தில், ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தின் கேட்டருகே அது எனக்கு வந்தது.

2

நான் உடுமலைப்பேட்டைக்காரி. இன்ஜினியரிங் படித்தேன். கல்யாணமாகி இங்கே வந்தபின் அந்தப் படிப்புக்கு வேலை கிடைக்கிற அளவுக்கு மொழி வரவில்லை. ஆதி பிறந்து கொஞ்சம் வளர்ந்ததும், சின்னப் பிள்ளைகளுக்கான ஆசிரியைப் பயிற்சியில் சேர்ந்தேன். வாரத்தில் சில நாள் வகுப்பு, சில நாள் ஒரு பாலர் பள்ளியில் வேலை. இந்தப் படிப்பில் சில வாரம் வெளிநாட்டுப் பள்ளி ஒன்றில் தன்னார்வலராக இருந்துவிட்டு வர வேண்டும். உடன் படிப்பவர்கள் ஸ்பெயின் என்றார்கள், அயர்லாந்து என்றார்கள். நான் அவிநாசிபாளையம் என்றேன். அங்கே என் அண்ணன் இருக்கிறான். பெரிய கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கிற சின்ன பனியன் யூனிட் வைத்திருக்கிறான். அவன் வீட்டிலிருந்து வண்டியில் கொஞ்ச தூரத்தில் அந்தத் தொடக்கப் பள்ளி.

பயிற்சி அலுவலகத்துப் பெண்மணிக்கு ஒரு சந்தேகம் வந்தது. “உங்கள் சொந்த ஊர் எப்படி உங்களுக்கு வெளிநாடு ஆகும்?” எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. மேலே கேட்டுவிட்டு வந்து சொன்னார்: “ஜெர்மனிக்கு வெளியே உள்ளதெல்லாம் வெளிநாடுதான்.” வெளிநாடு என்று ஆகிவிட்டதால், இந்தியாவுக்குப் போகிறவர்களுக்கான ஒருநாள் வகுப்பும் எனக்குக் கட்டாயமாயிற்று. முன் வரிசையில் உட்கார்ந்து, இடது கையால் எதையும் கொடுக்கக்கூடாது என்று குறிப்பெடுத்துக்கொண்டேன்.

போகிற இடத்தில் என்னென்ன ஆபத்து இருக்கலாம் என்றும் எழுதித் தரச் சொன்னார்கள். கொடுத்த இடம் போதாமல் தனித்தாளில் எழுதினேன். தெருநாய், கொசு, தண்ணீர், பாம்பு, கம்பெனி வேன், தோட்டத்துக் கிணறு. அந்தப் பெண்மணி படித்துவிட்டு, “உங்கள் ஊர்தானே, எதற்கு இவ்வளவு பயம்?” என்றார்.

“ஊரைத் தெரியும் என்பதால்தான்” என்றேன்.

கணவருக்கு ஆதியை அனுப்ப மனமில்லை. “நீ மட்டும் போயிட்டு வா” என்றார். “அவளை விட்டுட்டா?” என்றேன். “அப்ப போகாத” என்றார். நான்கு நாள் பேசாமல் இருந்துவிட்டு, அவரே எங்கள் இருவருக்கும் டிக்கெட் போட்டார். விமான நிலையத்தில் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். “கண்ணுல இருந்து விட்டுடாத.”

3

அந்தப் பள்ளியில் இரண்டே ஆசிரியர்கள். ஒருவர் பயிற்சிக்குப் போயிருந்ததால், தலைமையாசிரியை மல்லிகா டீச்சருக்கு நான் வந்தது பெரிய உதவியாக இருந்தது. ஐம்பதை ஒட்டிய வயது. எல்லாவற்றுக்கும் ஒரு ‘ங்க’ போடுவார், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும்கூட.

பிள்ளைகளில் உள்ளூர்க்காரர்கள் கொஞ்சம்தான். வசதியானவர்கள் வேன் வைத்துத் திருப்பூருக்கு அனுப்பிவிடுகிறார்கள். மீதிப் பேர் லைன் வீட்டுப் பிள்ளைகள். வரிசையாக ஒட்டிக் கட்டின ஒற்றை அறை வீடுகள், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. விருதுநகர், ராமநாதபுரம் பக்கத்துக் குடும்பங்கள் ஒரு வரிசை, பீகார், ஒடிசாக் குடும்பங்கள் ஒரு வரிசை. அப்பா அம்மா இரண்டு பேரும் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் வீடு திரும்ப இருட்டிவிடும்.

ஆதியை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தேன். ஜெர்மனியில் பாலர் பள்ளியில் ஆசிரியைகளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவள் முதல் நாளே எழுந்து நின்று, “மல்லிகா, எனக்கு தண்ணி வேணும்” என்றாள். வகுப்பு உறைந்துபோயிற்று. மல்லிகா டீச்சர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். “இருங்க கண்ணு, மல்லிகா கொண்டாந்து தர்றேன்” என்றார். பிறகு ஒரு வாரத்துக்கு லைன் வீட்டுப் பிள்ளைகள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

பக்கத்தில் பூஜா என்று ஒரு பீகார்ப் பிள்ளை. இரண்டு பேருக்கும் பொது மொழி கிடையாது. ஆதி வீட்டில் தமிழ் கேட்பாள், வாயிலிருந்து வருவது முக்கால்வாசி ஜெர்மன். பூஜா இந்தியில் பேசுவாள். இரண்டு பேரும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்தார்கள். பூஜாவைப் பார்த்துச் சீருடை வேண்டுமென்று அடம்பிடித்தாள் ஆதி. மல்லிகா டீச்சர் பீரோவிலிருந்து ஒன்று எடுத்துக் கொடுத்தார். பெரிய வகுப்புப் பெண்கள் ரெட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டிவிட்டார்கள். வெயிலில் நன்றாகக் கறுத்தும் போனாள். இரண்டாம் வாரத்தில், மைதானத்தில் ஓடுகிற பிள்ளைகளில் என் பிள்ளை எது என்று எனக்கே ஒரு நொடி பிடிபடாது.

எனக்கு அங்கே தாங்க முடியாதது சாயங்கால மணிதான். மணி அடித்ததும் பிள்ளைகள் கதவை உடைத்துக்கொண்டு ஓடும். கேட்டுக்கு வெளியே தாராபுரம் ரோட்டை நோக்கிப் போகிற கிளைச் சாலை. கம்பெனி வேன்கள் அதில் பறக்கும். யார் யாரோடு போகிறார்கள் என்று பார்க்க ஆள் கிடையாது.

ஜெர்மனியில் நான் வேலை செய்கிற பாலர் பள்ளியில் ஒரு பழக்கம் உண்டு. பிள்ளையைக் கூட்டிப்போக ஆள் வந்ததும், பிள்ளை ஆசிரியையிடம் வந்து கை குலுக்கிவிட்டுத்தான் போக வேண்டும். குலுக்கும் வரை அது ஆசிரியையின் பிள்ளை. குலுக்கிவிட்டால் வந்து நிற்பவருடைய பிள்ளை. பொறுப்பு கை மாறுகிறது. ஆதி நடக்கப் பழகிய நாளிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்தவள். இதை இங்கே செய்யலாமா என்று மல்லிகா டீச்சரிடம் கேட்டேன்.

“கை குலுக்கறதுங்களா? கலெக்டராட்டமா?” என்று சிரித்தார். “செய்யுங்க, பசங்களுக்கும் ஒரு சந்தோசந்தானுங்க.”

பிள்ளைகளுக்கு ஒரே குஷி. கேட்டருகே வரிசையில் நின்று, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக் குலுக்கின. சிலது குலுக்கிவிட்டு, திரும்ப வரிசையில் வந்து நின்றன. வந்து நிற்பவர்கள் யார் என்றும் எனக்கு மெல்லப் பிடிபட்டது. லைன் வீட்டில் அந்த வாரம் எந்தப் பெண் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறாளோ அவள் வந்து எல்லாப் பிள்ளைகளையும் ஓட்டிக்கொண்டு போவாள். உடம்பு சரியில்லாதவளாக இருக்கலாம், வாயும் வயிறுமாக இருப்பவளாக இருக்கலாம். அந்தக் கடைசி வாரம் வந்தவள் பேச்சியம்மா. அருப்புக்கோட்டைப் பக்கம். தூரத்திலேயே குரல் கேட்கும். “ஏ, வாங்கடா எல்லாம். எவனாவது ரோட்டுல ஓடுனான், காலை ஒடிப்பேன்.”

4

அன்றைக்கும் கேட்டருகே நின்று குலுக்கிக்கொண்டிருந்தேன். ஆதி எப்போதும் நான் முடிக்கும் வரை வராந்தாவில் உட்கார்ந்து கலர் பென்சிலால் ஏதாவது வரைந்துகொண்டிருப்பாள். அன்றைக்குப் பூஜாவுக்குப் பின்னால் வரிசையில் வந்து நின்றிருந்தாள். என் முன்னால் வந்ததும் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

“டாட்டா டீச்சர்.”

எனக்குச் சிரிப்பு. “டாட்டாங்க, பார்த்துப் போங்க” என்று குலுக்கினேன். மற்ற பிள்ளைகளைப் போல அவளும் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்ப வந்து நிற்பாள் என்று நினைத்தேன். அடுத்த கை வந்தது. அதற்கடுத்த கை. அதற்குள் இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் குழாயடியில் வழுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். அவனைத் தூக்கிக் கழுவி, மருந்து போட்டு, அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தேன்.

கேட்டருகே யாரும் இல்லை. வராந்தாவில் கலர் பென்சில்கள் கிடந்தன.

“ஆதி” என்றேன். கழிப்பறைப் பக்கம் போனேன். சமையல் கூடத்தில் பார்த்தேன். வகுப்பில் மேசைக்கு அடியில் குனிந்தேன், அங்கே ஒளிந்து விளையாடுவாள். “ஆதி, அம்மா விளையாடல” என்று ஜெர்மனில் சொன்னேன், தமிழில் சொன்னேன். மல்லிகா டீச்சர் அலுவலக அறையிலிருந்து வெளியே வந்தார்.

“ஏனுங்க டீச்சர்?”

“ஆதியக் காணோம்.”

“இங்கதானுங்க இருப்பாங்க, இப்பத்தான்…” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் செருப்பை மாட்டாமல் இறங்கினார்.

பள்ளிக்குப் பின்னால் ஒரு தோட்டம். அதில் ஒரு கிணறு. வட்டமான, பெரிய, கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு. நம் பக்கத்துக் கிணறுகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வந்த முதல் நாளே அதைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கம் போகக்கூடாது என்று ஆதியிடம் தினமும் சொல்லிக்கொண்டிருந்தேன். தினமும் சொன்னதாலேயே அந்த இடம் அவளுக்கு ஆசையாகிவிட்டிருக்குமோ என்று ஓடும்போது தோன்றியது. சோளத்தட்டு கணுக்காலைக் கிழித்தது. விளிம்பில் மண்டியிட்டு எட்டிப் பார்த்தேன். கீழே தண்ணீர் கறுப்பாக, அசையாமல் கிடந்தது. ஓரத்தில் சிவப்பாக ஏதோ மிதந்தது. அது ஒரு பிளாஸ்டிக் குடத்தின் உடைந்த வாய் என்று தெரிவதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. அவள் ரிப்பனும் சிவப்பு.

செல்போனை எடுத்தேன். கணவர் பெயர் மேலேயே இருந்தது. விரலை வைத்தேன், அழுத்தவில்லை. அவரிடம் சொல்லிவிட்டால் அது நடந்ததாக ஆகிவிடும். ‘கண்ணுல இருந்து விட்டுடாத’ என்று அவர் சொன்னது காதில் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணனைக் கூப்பிட்டேன். என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை.

“அம்மிணி, நீ அழுவாத. அங்கயே நில்லு. வண்டிய எடுத்துட்டேன்” என்றான். எப்போதும் என்னை ‘ஏனுங்க ஜெர்மன் டீச்சருங்க’ என்று கிண்டல் செய்கிறவன். இப்போது அவன் குரலில் கிண்டல் இல்லை.

ரோட்டுக்கு ஓடினேன். ஒரு வேன் போயிற்று, பின்னாலேயே இன்னொரு வேன். எல்லா ஜன்னலிலும் வேலை முடிந்து போகிற பெண்களின் முகங்கள். ஒவ்வொரு வேனிலும் அவள் இருக்கிற மாதிரி இருந்தது. டீக்கடைக்காரர் எழுந்து நின்றார்.

“ஆரத் தேடறீங்க?”

“சின்னப் பொண்ணு. அஞ்சு வயசு. யூனிபார்ம் போட்டிருக்கா. ரெட்டைச் சடை.”

சொல்லும்போதே தெரிந்தது, நான் சொல்கிற அடையாளம் அந்தப் பள்ளியின் எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் பொருந்தும் என்று.

“லைன் ஊட்டுப் புள்ளைக எல்லாம் இப்பத்தானுங்க போச்சு” என்றார்.

மல்லிகா டீச்சர் பின்னால் வந்து சேர்ந்திருந்தார். மூச்சு வாங்கியது. “பேச்சியோட போயிருக்குமுங்க. வேற எங்கயும் போகாதுங்க. பேச்சியோடதான்…” என்று என்னிடம் சொன்னார். அப்புறம் தனக்குள்ளே, “மேல தெரிஞ்சா என் வேலை போச்சு, முருகா” என்றார். அதையும் நான் கேட்டேன். கோபம் வரவில்லை. அவரும் பயந்திருக்கிறார் என்பது எனக்கு இன்னும் பயத்தைத்தான் கொடுத்தது.

5

அண்ணன் வண்டியில் அந்த மண் ரோட்டில் போனது எவ்வளவு நேரம் என்று தெரியாது. லைன் வீட்டு முற்றத்தில் பனியன் துணி மலை மாதிரிக் குவிந்திருந்தது. கைக்குழந்தைச் சட்டைகள். வெளிநாட்டுக்குப் போகிறவை, பிசிறு நூல் வெட்டுவதற்காக வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். நாலைந்து பெண்கள் சுற்றி உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் பிள்ளைகள் நொண்டி ஆடிக்கொண்டிருந்தன. ஓரமாக ஒரு கல்லில் ஆதி உட்கார்ந்து டீயில் பன்னை நனைத்துத் தின்றுகொண்டிருந்தாள். முகம் கழுவி, பவுடர் போட்டு, நெற்றியில் பொட்டு வைத்துவிட்டிருந்தார்கள்.

ஓடிப்போய்த் தூக்கினேன். டீ என் சேலையில் கொட்டியது.

“அம்மா, விடு. அடுத்தது என் முறை” என்று திமிறினாள்.

பேச்சியம்மா எழுந்தாள். “யாரு, வெளிநாட்டு டீச்சரா? எதுக்கு இப்படி மூச்சு வாங்க ஓடியாறீக?”

“எம்புள்ளைய ஏன் கூட்டிட்டு வந்தீங்க?” என் குரல் எனக்கே கேட்டிராத குரலாக இருந்தது.

“உங்க பிள்ளையா?” அவள் ஆதியைப் பார்த்தாள், பூஜாவைப் பார்த்தாள். “அட கூத்தே! இந்திக்காரப் பிள்ளைன்னுல்ல நெனச்சேன். வழியெல்லாம் வாய் ஓயல. ஒரு வார்த்த வெளங்கல. கடைசி வீட்டுக்குப் புதுசா ஒரு குடும்பம் வந்துருக்கு, அதுக பிள்ளைன்னு நானே முடிவு பண்ணிட்டேன்.”

பெண்கள் சிரித்துவிட்டார்கள். அண்ணனும் சிரிக்க வாயெடுத்து, என்னைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

“கேக்க வேண்டாமா? யாரு பிள்ளைன்னு ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?”

“யார்ட்டக் கேக்க?” அவள் முகம் மாறியது. “நீங்கதான வாசல்ல நின்னு கையப் பிடிச்சுக் குலுக்கி அனுப்புனீக. டீச்சரே அனுப்பி வைக்கிது, அதுல நான் என்னத்தக் கேக்க? இது கேட்டுக்கு வெளிய ஒத்தையில நின்னுச்சு. வேன் என்னா வேகத்துல வருதுன்னு பாக்கீகல்ல. நிக்கிற பிள்ளைய விட்டுட்டா வர முடியும்?”

ஆதி என் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, விஷயத்தைப் புரியவைக்கிற தொனியில் சொன்னாள். “அம்மா, நான் கை குடுத்தேன்ல. நீயும் குடுத்தியே.”

குடுத்தேன். அவள் விதிப்படி எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்திருந்தது. நான் குலுக்கினேன், அவள் என் பிள்ளை இல்லை என்று ஆயிற்று. வெளியே வந்து நின்ற பேச்சியம்மா கை நீட்டினாள், ஆதி போய்விட்டாள்.

பேச்சியம்மா அண்ணன் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கியிருந்தது. “அண்ணாச்சி, போலீசுல எதுவும் சொல்லிட்டீகளா?”

“இல்லீங்கக்கா. அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க” என்றான்.

அவள் உட்கார்ந்து கத்தரியை எடுத்தாள். சட்டை ஒன்றை எடுத்து நூலை வெட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். “வெளிநாட்டுப் பிள்ளைன்னு தெரிஞ்சா நான் தொட்டே இருக்க மாட்டேன், தாயி.”

6

அன்றைக்குச் சாயங்காலமே கணவரிடம் சொன்னேன். “ஆதிகிட்ட குடு” என்றார். அவளிடம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். டீ என்று அவள் சொன்னதற்குத்தான் சத்தம் போட்டார்.

மறுநாள் மல்லிகா டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “இந்தக் கை குலுக்கறது இனி வேண்டாமுங்க டீச்சர். நல்ல பழக்கந்தானுங்க. எனக்கு நெஞ்சு தாங்காதுங்க.” சரி என்றேன். பிள்ளைகளுக்கு யார் சொல்வது? கடைசி நாள் வரை கேட்டருகே வந்து கையை நீட்டிக்கொண்டுதான் நின்றன. நானும் குலுக்கினேன். இடது கையால் ஆதியின் மணிக்கட்டைப் பிடித்தபடி.

ஊரிலிருந்து திரும்பிய பிறகு இதை நான் பல விதமாக யோசித்துப் பார்த்துவிட்டேன். பேச்சியம்மா கேட்டிருக்க வேண்டும். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். கேட்காமல் ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவது சரியில்லை. ஆனால் கேட்டிருந்தால், இது வெளிநாட்டுப் பிள்ளை என்று தெரிந்திருந்தால், அவளே சொன்ன மாதிரி, தொட்டிருக்க மாட்டாள். அந்த ரோட்டோரத்தில் ஆதி தனியாக நின்றிருப்பாள், வேன்கள் போய்க்கொண்டிருக்கும். நான் குழாயடியில் இன்னொரு பிள்ளைக்கு முழங்கால் கழுவிக்கொண்டிருப்பேன். இந்த இடத்துக்கு வந்ததும் யோசனையை நிறுத்திவிடுவேன். பிறகு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும்.

பேச்சியம்மாவிடம் நான் திரும்பப் போய்ப் பேசவில்லை. போயிருக்கலாம். பயமாக இருந்தது. அவள் என்னைப் பார்த்துப் பயந்ததைப் பார்த்ததால் வந்த பயம் அது.

7

ஆதிக்கு அந்த மூன்று வாரத்தில் ஞாபகம் இருப்பது குறைந்துகொண்டே வருகிறது. மல்லிகா டீச்சரின் பெயர் மறந்துவிட்டது. பூஜாவோடு பேசிய இந்தி வார்த்தைகள் எப்போதோ போய்விட்டன. தமிழும் தேய்கிறது. நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வருகிறது. என் அப்பா, அவளுக்கு அப்புச்சி, போனில் கூப்பிட்டு, “ஏஞ் சாமி, சாப்டீங்களா?” என்று கேட்டால் என்னைப் பார்க்கிறாள். இதெல்லாம் தனி பயம், அதை இன்னொரு நாள்தான் எழுத முடியும்.

இப்போது சொல்ல வந்தது இந்த வாரம் நடந்தது.

வழக்கம்போல மருந்துக்கடைப் பலகைக்குப் பின்னால் நின்றிருந்தேன். பனி தூறிக்கொண்டிருந்தது. சாலையைக் கடக்கிற சிக்னல் அருகே ஒரு சின்னப் பெண் நின்று அழுதுகொண்டிருந்தாள். நீலத் தொப்பி, ஒரு கையில் கையுறை இல்லை. கழுத்தில் மஞ்சள் முக்கோணம். யாருடைய பிள்ளையோ. பச்சை விழுந்தது, அவள் போகவில்லை. மறுபடி சிவப்பு. பெரியவர்கள் கடந்து போனார்கள். ஒருவர் நின்று, குனிந்து ஏதோ கேட்டார், அவள் தலையாட்டவில்லை. அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தெரியாத பிள்ளையைத் தொடக்கூடாது. எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், நானும் அதைப் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அங்கே போகலாமா, போனால் ஆதி என்னைப் பார்த்துவிடுவாளா, இல்லை பள்ளிக்குப் போன் செய்யலாமா என்று கையில் செல்போனோடு நின்றேன்.

ஆதி அந்தப் பெண்ணைத் தாண்டிப் போய்விட்டாள். நாலடி போய் நின்றாள். திரும்பினாள்.

என்ன பேசினாள் என்று கேட்கவில்லை. வலது கையை நீட்டினாள். அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டு அந்தக் கையைப் பார்த்தாள். தானும் கையுறை இல்லாத கையை நீட்டினாள். இருவரும் குலுக்கினார்கள், மேலும் கீழுமாக, பெரிய மனுஷிகள் மாதிரி. குலுக்கிய கையை ஆதி விடவில்லை.

இன்னொருத்தி பிள்ளை. பனியில் வழுக்குகிற ரோடு. இவளுக்கே ஆறு வயது. ஏதாவது ஆகிவிட்டால்? அந்தப் பிள்ளையின் அம்மா எங்கே? அவளும் ஏதாவது பலகைக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறாளா என்று சுற்றிலும் பார்த்தேன். யாரும் இல்லை. ஓடிப்போய் இருவரையும் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு கால் முன்னால் போயிற்று. பச்சை விழுந்தது. இரண்டு மஞ்சள் முக்கோணங்களும் சேர்ந்து ஆடிக்கொண்டே ரோட்டைக் கடந்து, குழந்தை கையசைக்கிற அந்தப் பலகையைத் தாண்டி, பள்ளி வாசலுக்குள் போய்விட்டன. நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

சாயங்காலம் சாப்பாடு போடும்போது, எனக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் மெல்லக் கேட்டேன். “இன்னிக்கு யார்கூட ஸ்கூலுக்குப் போனே?”

“ஒரு பொண்ணுகூட.”

“யாரு அது?”

“தெரியாது.” சோற்றைப் பிசைந்துகொண்டே, தமிழிலேயே சொன்னாள். “நின்னுட்டு இருந்தா.”

மறுநாள் காலையும் பேக்கரி மூலைக்கு ஓடினேன். அந்த நீலத் தொப்பிப் பெண் சிக்னல் அருகே ஆதிக்காகக் காத்துக்கொண்டு நின்றாள். பயம் குறைந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். இப்போது இரண்டு பிள்ளைகளுக்காகப் பயப்பட வேண்டியிருக்கிறது.